நாம போட்ட வெதையா, தானா வந்த களையா?

ஐப்பசி அடைமழை விட்டு லேசா வெயில் எட்டிப் பாத்ததும் எல்லார் வீட்டுப் பாத்தியும் பச்சைப் பசேல்னு ஆயிட்டு போல. இந்த தடவ வந்த கேள்விகள எடுத்து வச்சுப் பாத்தா முக்காவாசி ஒரே வெசயம்தான், வெத போட்டேன், என்னென்னமோ மொளச்சி வந்துட்டு, இதுல எது நான் போட்டது எது களைன்னு. அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே ஒதுக்கியாச்சு. ரோஜால இலை சுருளுது, மல்லில மொட்டு கருகுதுன்னு எழுதுனவிய கோவிச்சுக்கிடாதிய, அடுத்த இதழ்ல கட்டாயம் சொல்லுதேன்.

கேள்வி: அண்ணாச்சி, பொங்கலுக்கு வீட்டுலயே பூ பறிக்கணும்னு ஆசப்பட்டு கேந்தி, அதான் செண்டுமல்லி, வெத வாங்கி வாசல் பாத்தில தூவுனேன். இப்ப ரெண்டு வெரல் ஒசரத்துக்கு நெறைய நிக்கி, எல்லாத்துக்கும் இலை வெட்டு வெட்டா இருக்கு. எங்க அத்தை பாத்துட்டு இதுல பாதி பார்த்தீனியம், மொத்தத்தையும் புடுங்கிப் போட்டுட்டு மறுபடி வெதன்னு சொல்லுதாவ. எப்படிக் கண்டுபிடிக்க?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தாயி, மொத்தத்தையும் புடுங்கிராதிய. ஒங்க அத்தை சொன்னதுல ஞாயம் இருக்கு, பார்த்தீனியம் கலந்துதான் வந்திருக்கும், ஆனா பிரிச்சு எடுத்துரலாம், அதுக்காக நல்ல கேந்திய ஏன் பலி குடுக்கணும்.

மொதல்ல ஒண்ணு சொல்லிருதேன், இது கீழ வாற எல்லா கேள்விக்கும் சேத்துதான். வெத மொளச்சதும் மண்ண விட்டு மொத மொத வருதே ரெண்டு இலை, அது வித்திலை. அத மட்டும் வச்சு ஆள அடையாளம் பாக்கது சிரமம், முக்காவாசிச் செடிக்கு அது வெட்டு இல்லாம பல்லு இல்லாம வழுவழுன்னு ஒண்ணு போலதான் இருக்கும். அதுக்குப் பொறவு நடுவுல இருந்து வாற இலைதான் அந்தச் செடியோட சொந்த இலை. சொந்த இலை ரெண்டு சோடி வாறவரைக்கும் கைய வைக்காதிய, அஞ்சாறு நாள்ல ஒண்ணும் குடி முழுகிப் போயிராது.

இப்ப கேந்திக்கு வாங்க. கேந்தில இலை எதிரெதிரா ரெண்டு ரெண்டா வரும், ஒரு காம்புல ரெண்டு பக்கமும் குட்டி குட்டி இலையா அடுக்கி இருக்கும், ஒவ்வொண்ணோட ஓரமும் ரம்பப் பல்லு மாதிரி. தண்டு நிமுந்து நேரா மேல போவும், அடித்தண்டுல செவப்பு ஓடியிருக்கும். பார்த்தீனியம் அப்படி இல்ல. அது சின்னதுல தண்டே தெரியாம தரையோட தரையா வட்டமா படுத்துக் கெடக்கும், இலை மாத்தி மாத்தி ஒண்ணொண்ணா நடுவுல இருந்து கெளம்பும், வெட்டு ஆழமா இருக்கும் ஆனா தனித்தனி இலையா பிரிஞ்சிருக்காது, மேல மெல்லிசா ரோமம் இருக்கும், பச்சையும் கொஞ்சம் சாம்பல் பூத்தாப்ல இருக்கும். இதுவும் போதலன்னா ஒரே ஒரு இலையக் கிள்ளி வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, கேந்தி இலைல ஊசியால குத்துன மாதிரி புள்ளி புள்ளியா வெளிச்சம் தெரியும், அது எண்ணெய் இருக்க எடம். கசக்குனா அந்த கேந்தி வாடை மூக்குல ஏறும். சின்ன நாத்துலயே அந்த வாடை வந்துரும், பார்த்தீனியத்துல வராது.

ஆனா ஒரு எச்சரிக்கை தாயி, மோந்து பாக்க சோதனைய கேந்தின்னு நெனைக்க செடில மட்டும் செய்யுங்க, பார்த்தீனியத்தக் கைல கசக்கிப் பாக்காதிய. அது தோல்ல பட்டா செல பேருக்கு அரிச்சு தடிச்சு புண்ணாயிரும், பூத்துட்டுன்னா அதோட தூசு மூச்சுத் தெணறலையும் கொண்டாந்துரும். கையுறை போட்டுக்கிடுங்க, இல்லன்னா ஒரு பிளாஸ்டிக் கவர கைல சுத்திக்கிட்டு, மண்ணு ஈரமா இருக்கப்ப வேரோட பைய இழுங்க. மேலாக்க அறுத்து விட்டா திரும்ப தழைச்சிரும். மொளச்சு ஒரு மாசத்துலயே பூக்க ஆரம்பிச்சிரும், ஒரு செடி பூத்து முடிச்சா பத்தாயிரம் வெதைக்கு மேல போடும், அதனால இத மட்டும் நாளைக்குப் பாத்துக்கிடலாம்னு தள்ளிப் போடக் கூடாது. இது நம்ம நாட்டுச் செடியே இல்ல, அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்தது, 1955-ல பூனா பக்கம் பாத்து எழுதி வச்சிருக்காவ, அங்க இருந்து இன்னைக்கு நம்ம ஊரு ரோட்டோரம், காலி பிளாட்டு, ரயில் தண்டவாளம்னு ஒரு எடம் பாக்கி இல்ல. 1984-ல இத தின்னு அழிக்கன்னே மெக்சிகோல இருந்து ஒரு வண்டக் கொண்டாந்து பெங்களூர்ல விட்டாவ, மழை சமயத்துல அது இலைய அரிச்சுத் தின்னும், ஆனாலும் வண்டு முழுசா தின்னு முடிச்சிரும்னு நம்பிக்கிட்டு நாம சும்மா இருக்க முடியாது.

இன்னொண்ணு, பொங்கலுக்குப் பூ வேணும்னா இப்பமே நாத்தப் பிரிச்சு ஒரு அடி எடவெளில நட்டுருங்க. கேந்திக்கு ரெண்டு மாசம் போல புடிக்கும், நாள் கையக் கடிக்கி.

கேள்வி: கோழிக்கொண்டப் பூ வெத போட்ட எடத்துல வந்திருக்கது எல்லாம் கீரை மாதிரியே இருக்கு. கீரையா, பூவா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தம்பி, ரெண்டும் ஒரே கூட்டத்துச் செடி, அதான் கண்ண ஏமாத்துது. இலை நுனியப் பாருங்க. நுனில உள்பக்கமா ஒரு சின்னப் பள்ளம் விழுந்து ரெண்டா பிரிஞ்ச மாதிரி இருந்தா அது குப்பைக்கீரை. நுனி கூர்மையா முடிஞ்சா கோழிக்கொண்டையா இருக்கலாம். முள்ளுக்கீரைக்கு சின்னதுல முள்ளு இருக்காது, கொஞ்சம் வளந்ததும் இலை கெளம்புத கணுவுல சோடியா முள்ளு எட்டிப் பாக்கும், அப்ப தெரிஞ்சிரும்.

இதுல உண்மையிலேயே கஷ்டமானது பண்ணைக்கீரை. நம்ம பக்கம் மழை பெஞ்சா வயக்காட்டுல வெள்ளையும் ரோஸுமா திரி மாதிரி பூத்து நிக்குமே அதுதான். கோழிக்கொண்டை அதோட சொந்த சாதி, மனுசன் பொறுக்கி பொறுக்கி வளத்து கொண்டை வர வச்சது, அவ்வளவுதான். சின்ன நாத்துல ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரிஞ்சு உறுதியான வழி இல்ல. நீங்க போட்டது கருஞ்செவப்புக் கொண்டைன்னா தண்டுலயும் நரம்புலயும் நல்ல செவப்பு ஓடியிருக்க நாத்தா பாத்து விட்டு வைங்க, வெளிறுன பச்சையா இருக்கத எடுத்து கடைஞ்சு சோத்துக்கு ஊத்திக்கிடுங்க. பண்ணைக்கீரை நல்லாவே இருக்கும், அந்தக் காலத்துல மழை நாள் முழுக்க நம்ம வீடுகள்ல அதான் கொதிச்சது.

கேள்வி: அண்ணாச்சி, எங்க கனகாம்பரச் செடிக்கு அடில இந்த மழைக்கு ஏகப்பட்ட கன்னு. எல்லாம் கனகாம்பரம்னு சந்தோசப்பட்டு பக்கத்து வீட்டு அக்காவுக்கெல்லாம் பேத்துக் குடுத்தேன். அவிய வீட்டுல ஊதாப் பூ பூத்துட்டு, இப்ப என்னப் பாத்தா மொகத்தத் திருப்பிக்கிடுதாவ.
– வாசகி, கடையம்

பதில்: ஊதாப் பூன்னு சொன்னதுமே தெரிஞ்சு போச்சு, அது பட்டாசுக்காய்ச் செடி. சின்னப் புள்ளையில பள்ளிக்கூடத்துக்குப் போற வழில பறிச்சு எச்சித் தொட்டு கைல வச்சா டப்புன்னு வெடிக்குமே, அதே காய்தான். ஒங்க மேல தப்பில்ல தாயி, கனகாம்பரமும் அதே குடும்பம், அதோட காயும் தண்ணி பட்டா வெடிச்சு வெதயத் தெறிக்க விடும், அதனாலதான் மழை பெஞ்ச ஒடனே ரெண்டும் ஒண்ணா தாய்ச்செடியச் சுத்தி மொளைக்கி.

கனகாம்பர இலை ரெண்டு நுனியும் ஒடுங்கி, கரும்பச்சையா, எண்ணெய் தடவுன பளபளப்போட ஓரம் அலை அலையா இருக்கும். கொஞ்சம் வளந்துட்டுன்னா ஒரே கணுவுல நாலு இலை சுத்தி நிக்கதும் உண்டு. பட்டாசுச் செடி இலை நுனி மழுங்கி, காம்புப் பக்கம் ஒடுங்கி கரண்டி மாதிரி இருக்கும், அந்தப் பளபளப்பு இருக்காது. சந்தேகம்னா ஒண்ணே ஒண்ண தோண்டி வேரப் பாருங்க. பட்டாசுச் செடிக்கு வேரு தடிச்சு கெழங்கு கெழங்கா கொத்தா இருக்கும், கனகாம்பரத்துக்கு சாதா நார் வேருதான். அந்தக் கெழங்கு மண்ணுல மிச்சம் இருந்தா மறுபடி வந்துரும், அதனால அக்கா வீட்டுக்கு நீங்களே ஒரு களைக்கொத்தி எடுத்துட்டுப் போயி கெழங்கோட தோண்டி எடுத்துக் குடுத்துட்டு, நல்ல கனகாம்பரம் நாலு கன்னு கைல குடுத்துட்டு வாங்க, சரியாயிரும்.

கேள்வி: டேபிள் ரோஸ் தொட்டில அதே மாதிரி தடிச்ச இலையோட வேற செடி வருது. புடுங்கவா, விடவா?
– வாசகி, வள்ளியூர்

பதில்: நாலு பேரு இருக்காவ, நாலு பேரையும் சொல்லுதேன். டேபிள் ரோஸ், அதாவது நம்ம பத்துமணிப் பூவுக்கு இலை உருண்டையா ஊசி போல இருக்கும். இலை தட்டையா, நுனி அகலமா, தண்டு செவப்பா வழுவழுன்னு படர்ந்தா அது பருப்புக்கீரை, தாராளமா சமைக்கலாம். தட்டை இலையோட பெரிய பூ பூக்க சாதியும் நர்சரில இப்ப விக்காவ, அத வாங்கி வச்சிருந்தியன்னா பூ வாறவரைக்கும் பொறுத்துக்கிடுங்க. இலை எதிரெதிரா சோடியா இருந்து, சோடில ஒண்ணு பெரிசு ஒண்ணு சிறுசுன்னு ஏத்த எறக்கமா இருந்தா அது சாரணை, எடுத்துருங்க, விட்டா தொட்டி முழுசும் பாய் விரிச்சிரும்.

நாலாவது ஆள்தான் முக்கியம், அம்மான் பச்சரிசி. கீரைன்னு பறிக்கப்ப கூடவே கைல வந்துரும். இலை தடிப்பு கெடையாது, ரோமம் இருக்கும், ஒடிச்சா பால் வரும். கீரை பறிக்க பழகுத புள்ளையளுக்கு இதச் சொல்லிக் குடுங்க, ஒடிச்சுப் பாத்து பால் வந்தா கூடைல போடக் கூடாது, அந்தக் கையோட கண்ணக் கசக்கவும் கூடாது.

கேள்வி: மழை லில்லி கிழங்கு நட்டேன், கூடவே கோரையும் வந்துட்டு. ரெண்டும் புல்லு மாதிரிதான் இருக்கு, எதப் புடுங்கன்னே தெரியல.
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: கோரையோட பூத்தண்ட ரெண்டு வெரலுக்கு நடுவுல வச்சு உருட்டிப் பாருங்க, உருளாது, மூணு பட்டை கைல தட்டுப்படும். இலைல நடுவுல ஒரு வாய்க்கா மாதிரி பள்ளம் ஓடும். லில்லி இலை சதைப்பத்தா மழமழன்னு இருக்கும். அடில லேசா மண்ண ஒதுக்கிப் பாத்தா லில்லிக்கு சின்ன உள்ளி மாதிரி வெள்ளையா தோல் தோலா உரிக்க குமிழ் இருக்கும், கோரைக்கு கருப்பா கெட்டியா ஒரு கெழங்கு, அதுல இருந்து கம்பி மாதிரி ஒரு வேரு போயி அடுத்த கெழங்கு, அங்க இருந்து அடுத்தது.

இங்கதான் வெசயமே இருக்கு. கோரைய இலையப் பிடிச்சு இழுத்தா இலை மட்டும் கைக்கு வரும், கெழங்கு உள்ளயே நிக்கும், ஒரு வாரத்துல மறுபடி பச்சை. ஆத்துப் பாசனம் உள்ள நம்ம ஊருகள்ல கோரைய ஒழிச்சேன்னு சொல்லுத ஆள நான் இன்னும் பாக்கல, கொறைக்கலாம், அவ்வளவுதான். லில்லிக் குமிழையெல்லாம் இப்பமே பேத்து சுத்தமான மண்ணு போட்ட தொட்டிக்கு மாத்திருங்க. பங்குனி சித்திரை வெயில்ல அந்தப் பாத்திய மம்பட்டியால ஆழமா கொத்தி கெழங்க எல்லாம் மேல புரட்டிப் போட்டு காய விடுங்க, தண்ணியே காட்டாதிய. கெழங்கு வெயில்ல சுருங்கிச் செத்துரும். பொறுக்கி எடுக்கதும் முக்கியம், கொத்தி மட்டும் விட்டுட்டு அடுத்த மழைய வாங்குனா வெட்டுன துண்டெல்லாம் தனித்தனியா மொளச்சி முன்ன விட மோசமாயிரும்.

கேள்வி: வேலில ஏத்த சங்குப்பூ வெத போட்டேன். வந்திருக்கது கொளுஞ்சியா சங்குப்பூவான்னு கொழப்பமா இருக்கு.
– வாசகர், நாங்குநேரி

பதில்: குட்டி இலை ஒண்ண நுனியப் பிடிச்சு இழுத்து அறுங்க. அறுந்த எடம் அம்பு மொனை மாதிரி கூம்பா வந்தா கொளுஞ்சி, சின்னப் புள்ளையளுக்குக் கூட தெரிஞ்ச வெளையாட்டுதான். சங்குப்பூவுக்கு ஒரு காம்புல அஞ்சோ ஏழோ இலைதான், கொளுஞ்சிக்கு பத்துக்கு மேல வரிசையா நிக்கும். கொளுஞ்சிய களைன்னு தூரப் போடாதிய, பூக்கதுக்கு முன்ன வெட்டி பாத்திக்குள்ளயே பொதச்சு விடுங்க, நெல்லு வயலுக்கே தழையுரமா போட்டது.

கேள்வி: அண்ணாச்சி, எங்க ஊரு தேரி மண்ணு. சத்து வேணும்னு ஆட்டாம்புழுக்கை நெறைய போட்டேன். இப்ப நான் போட்ட காசித்தும்பையும் ஜீனியாவும் எங்க இருக்குன்னே தெரியல, ஒரே களை. இதுக்கு என்னதான் வழி?
– வாசகி, திசையன்விளை

பதில்: களை எங்க இருந்து வந்ததுன்னு ஒங்க கேள்விலயே இருக்கு தாயி. ஆடு மேயுத எடத்துல தின்ன வெதயெல்லாம் செமிக்காம புழுக்கையோட வந்துரும், அதுலயும் சீமைக்கருவேல நெத்து ஆட்டுக்கு அவ்வளவு பிடிக்கும், அதனால புழுக்கை போட்ட பாத்தில குட்டிக் குட்டியா இறகு மாதிரி இலையோட கருவேலங்கன்னு கண்டிப்பா இருக்கும். அத இன்னைக்கே எடுத்துருங்க, நாள் போச்சுன்னா ஆணிவேரு கீழ எறங்கிரும், பொறவு கடப்பாரை வேணும். இனிமே புழுக்கையோ சாணியோ அப்படியே பச்சையா போடாம, குமிச்சு தண்ணி தெளிச்சு, மக்குதப்ப உள்ள வாற சூட்டுல வெதயெல்லாம் சாவுத மாதிரி நல்லா பொரட்டிப் பொரட்டி மக்க வச்சுப் போடுங்க.

இப்ப பாத்தில இருக்கதப் பிரிக்க ஒரு வழி சொல்லுதேன். களை நூறு வகை இருக்கு, அத்தனையும் படிச்சுத் தெரிஞ்சுக்கிட நம்மளால ஆவாது. ஆனா நீங்க போட்டது ரெண்டே வகை. அந்த ரெண்டோட மொகத்த மட்டும் நல்லா மனசுல ஏத்திக்கிட்டா போதும், மத்ததெல்லாம் தானா களை ஆயிரும். அதுக்கு என்ன செய்யணும்னா அதே பாக்கெட்டுல மிச்சம் இருக்க வெதைல கொஞ்சம் எடுத்து ஒரு பேப்பர் கப்புல கோகோபீட், அதான் தேங்கா நார்த்தூள், போட்டு வெதச்சு, கப்பு மேலயே பேரையும் தேதியையும் எழுதி ஜன்னல் ஓரத்துல வைங்க. கோகோபீட்ல களை வெத இருக்காது, அதுல என்ன மொளைக்கோ அதுதான் ஒங்க செடி. கப்ப கைல எடுத்துட்டுப் போயி பாத்தி பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாருங்க. காசித்தும்பைக்கு வித்திலையே வட்டமா தடிப்பா பெரிசா இருக்கும், தண்டு கண்ணாடி மாதிரி நீரோடி இருக்கும். ஜீனியாவுக்கு காம்பே இல்லாம இலை எதிரெதிரா தண்ட கட்டிப் பிடிச்ச மாதிரி உக்காந்திருக்கும், தொட்டா சொரசொரன்னு இருக்கும், ஓரத்துல பல்லு இருக்காது. ஜீனியா மாதிரியே சொரசொரன்னு எதிரெதிரா வந்து ஆனா ஓரம் பல்லு பல்லா வெட்டி இருந்தா அது வெட்டுக்காயப் பூண்டு.

அடுத்த தடவ வெதைக்கப்ப தூவாதிய. கம்பால கோடு கிழிச்சு கோட்டுல போடுங்க, ரெண்டு நுனிலயும் குச்சி ஊணி வைங்க. கோட்டுல இருக்கது நம்மது, கோட்டுக்கு வெளிய இருக்கதெல்லாம் வந்தேறி, பாதி சோலி அதுலயே முடிஞ்சிட்டு. அவசரம் இல்லன்னா இன்னும் ஒண்ணு செய்யலாம், பாத்தியத் தயார் பண்ணிட்டு வெத போடாம ஒரு வாரம் பத்து நாள் வெறுமனே தண்ணி மட்டும் விடுங்க. மேல இருக்க களை வெதயெல்லாம் ஏமாந்து மொளச்சி வந்துரும். அத மேலாக்க சொரண்டி எடுத்துட்டு, ஆழமா கிண்டாம, நம்ம வெதயப் போடுங்க. ஆழமா கிண்டுனா கீழ தூங்குதது மேல வந்து மறுபடி மொளைக்கும், சொரண்டுததோட நிப்பாட்டிரணும்.

கேள்வி: எம் பேரன் களை எடுக்கேன்னு பாத்தில இருந்த தும்பை, துளசிக் கன்னு எல்லாத்தையும் புடுங்கிட்டான். வைதா பூ பாத்தில அது எதுக்குன்னு கேக்கான். நீங்களே சொல்லுங்க.
– ஒரு ஆச்சி, சேரன்மகாதேவி

பதில்: ஆச்சி, பேரன்கிட்ட இந்தப் பக்கத்த அப்படியே காட்டுங்க. தும்பைப் பூவ சிவனுக்கு வைக்காம இருப்பமா, அது ஒரு பக்கம் இருக்கட்டும், தும்பை இருக்க எடத்துலதான் தேனீயும் பட்டாம்பூச்சியும் வரும், பக்கத்துல இருக்க பூசணிக்கும் பாவைக்கும் காய் பிடிக்கதுக்கு அதுவும் ஒரு தொணை. ஓரத்துல நாலு தும்பைய விட்டு வைக்கது தோட்டத்துக்கு நல்லதுதான்னு நான் கண்டிப்பா சொல்லுவேன். தும்பைக்கும் துளசிக்கும் தண்டு சதுரமா நாலு பட்டையா இருக்கும், இலை எதிரெதிரா வரும். தும்பை இலை ஒடுக்கமா நீட்டமா இருக்கும், துளசிக்கு வாசனையே போதும். பேரன் துளசின்னு நெனச்சு குப்பைமேனிய விட்டு வச்சிருந்தான்னா, அதுல இலை மாத்தி மாத்தி இருக்கும், தண்டும் உருண்டை. தம்பிக்கு ஒண்ணு சொல்லுதேன், களை எடுக்கணும்னு நீ எறங்குனதே பெரிய வெசயம், இந்த தடவ ஆச்சிய பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா காட்டிக் கேட்டுட்டு எடு.

கேள்வி: எடுத்த களைய எங்க போட?
– வாசகர், தென்காசி

பதில்: பூக்காத களை எல்லாம் மக்குக் குழிக்குப் போவலாம், பூக்காத பார்த்தீனியமும்தான். பூத்து வெத பிடிச்சதக் குழில போடாதிய, ஒரு சாக்குல கட்டி வெயில்ல நல்லா அவிய விடுங்க. கோரைக் கெழங்கும் அருகம்புல் வேரும் மொட்டை மாடில காஞ்சு நொறுங்குத வரைக்கும் கெடக்கட்டும், அதுக்குப் பொறவு குழில போட்டுக்கிடலாம்.

போட்டோ அனுப்பி இது என்ன செடின்னு கேக்கவியளுக்கு ஒரு வேண்டுகோள். தூரத்துல நின்னு மொத்தப் பாத்தியையும் எடுத்தா ஒண்ணும் தெரிய மாட்டேங்கி. ஒரே ஒரு செடிய மேல இருந்து ஒண்ணு, பக்கவாட்டுல தண்டும் கணுவும் தெரியுத மாதிரி ஒண்ணு, இலையத் திருப்பி அடிப்பக்கம் ஒண்ணுன்னு மூணு படம் எடுங்க, பக்கத்துல ஒரு ரூபா நாணயத்த வச்சு எடுத்தியன்னா அளவும் தெரிஞ்சிரும். என்ன வெத போட்டிய, எப்ப போட்டியன்னும் ரெண்டு வரி எழுதுங்க.